பத்தாண்டு டைரி ஒன்றும் பன்னிரண்டாண்டு நிதியம் ஒன்றும்

2013 டிசம்பரில் வாங்கிய பத்தாண்டு டைரியை 2023 டிசம்பர் 31 அன்று இரவு எழுதி முடித்தேன். ஒரு பொருளை வாங்கிய பத்தாம் நாளே மதிப்புரை எழுதிவிடுவது இன்றைய வழக்கம். இந்தப் பொருளுக்கு அப்படி ஒன்று எழுதினால் அட்டையின் நிறத்தைத் தவிரச் சொல்வதற்கு எதுவும் இருக்காது. நான் சென்னையில் துணிகர முதலீட்டு நிதியம் ஒன்றில், அதாவது பலரிடம் பணம் திரட்டிப் புதிய நிறுவனங்களில் போடும் அமைப்பில், வேலை செய்கிறேன். எங்கள் முதல் நிதியமும் இந்த டைரியும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் தொடங்கியவை. ஆகவே டைரியின் நிறைகுறைகளைச் சொல்லப் புகுந்தால் அந்தத் தொழில் ஒரு மனிதனிடம் எவ்வளவு பொறுமையைக் கேட்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டையும் பிரித்து எழுத முயன்றேன், முடியவில்லை.

பொருள் எளிமையானது. ஜப்பானியத் தயாரிப்பு, நீலத் துணி அட்டை, அதை வைத்துக்கொள்ளக் கெட்டியான ஒரு காகித உறை, பக்கக் குறிக்கு இரண்டு நாடாக்கள். செங்கல்லைவிடச் சற்றே மெலிது, எடை கிட்டத்தட்ட ஒரு கிலோ. பிப்ரவரி 29-ஐயும் சேர்த்து நாளுக்கு ஒரு பக்கமாக 366 பக்கங்கள். ஒவ்வொரு பக்கமும் பத்துக் கட்டங்களாகக் கோடிடப்பட்டிருக்கிறது. ஒரு கட்டத்தில் பொடி எழுத்தில் நான்கு வரி எழுதலாம். ஜனவரி 1 என்ற பக்கத்தின் முதல் கட்டத்தை 2014-இல் எழுதினால், அடுத்த கட்டத்தை எழுத அதே பக்கத்துக்கு 2015-இல்தான் திரும்பி வருவோம். கிழமையை நாமே குறித்துக்கொள்ள வேண்டும். பிப்ரவரி 29-க்கும் மற்ற நாள்களைப் போலவே பத்துக் கட்டங்களை ஒதுக்கியிருக்கிறார்கள். என் பிரதியில் அவற்றில் இரண்டு மட்டுமே நிரம்பியிருக்கின்றன. அந்தப் பக்கத்தை முடிக்க வேண்டுமானால் இதே டைரியை 40 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். யாரும் இதை யோசிக்கவில்லையா, அல்லது யோசித்தே செய்தார்களா என்று தெரியவில்லை.

முதல் நாள் எழுதியபோது எனக்குப் பட்டது எழுதிய நான்கு வரியல்ல, அதற்குக் கீழே காலியாகக் கிடந்த ஒன்பது கட்டங்கள்தான். அப்போது எனக்கு 31 வயது. கடைசிக் கட்டத்தை எழுதும்போது 40 ஆகியிருக்கும் என்பது கணக்குப் போடாமலேயே கண்ணில் பட்டது. வேறு எந்த டைரியும் இப்படி மிரட்டியதில்லை. எங்கள் நிதியத்தில் முதலீட்டாளர்கள் கையெழுத்திடும் ஒப்பந்தத்திலும் ‘பத்து ஆண்டுகள்’ என்றுதான் இருக்கிறது. அங்கே அது இரண்டு சொற்கள். இங்கே அது ஒரு பக்க நீளம்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இந்தத் தொழில் மிக வேகமானதாகத் தெரியும். இன்று ஒருவர் வந்து பேசுவார், அடுத்த மாதம் டேர்ம் ஷீட் என்ற முதலீட்டு நிபந்தனைத் தாள், அதற்கடுத்த மாதம் செய்தித்தாளில் கோடிகள். உண்மையில் முடிவெடுக்கும் பகுதி மட்டுமே வேகமானது. எடுத்த முடிவு சரியா தவறா என்று தெரிவதற்கு ஏழு, எட்டு, சில சமயம் பதினொரு ஆண்டுகள் ஆகும். தவறானவை முன்னதாகவே தெரிந்துவிடும். மூடப்படும் நிறுவனங்கள் பெரும்பாலும் முதல் மூன்று, நான்கு ஆண்டுகளிலேயே மூடப்பட்டுவிடும். சரியானவை கடைசியில்தான் தெரியும். இதனால் ஒரு நிதியத்தின் கணக்கைக் கோடாக வரைந்தால் அது முதலில் கீழே இறங்கி, நெடுநாள் கிடந்து, பிறகுதான் ஏறும். அந்தக் கோட்டின் அடிவயிற்றில் ஐந்தாண்டு காலம் வேலை செய்பவனுக்குத் தான் கெட்டிக்காரனா முட்டாளா என்று சொல்ல ஒரு சான்றும் இருக்காது. வங்கியில் வேலைக்குச் சேர்ந்த என் வகுப்புத் தோழர்களுக்கு மார்ச் மாதம்தோறும் அந்தச் சான்று போனஸாக வந்துகொண்டிருந்தது.

இது இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. பாஸ்டனில் ஜார்ஜ் டோரியோ நடத்திய அமெரிக்கன் ரிசர்ச் அண்ட் டெவலப்மென்ட் நிறுவனம் 1957-இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் என்ற கணினி நிறுவனத்தில் 70,000 டாலர் போட்டது. டோரியோவின் நிறுவனம் டெக்ஸ்ட்ரான் நிறுவனத்தோடு இணைக்கப்பட்டது 1972-இல், அதற்குள் அந்தப் பங்குகளின் மதிப்பு சில நூறு மில்லியன் டாலராகியிருந்தது. இதைச் சொல்பவர்கள் பெருக்கத்தைத்தான் சொல்வார்கள். எனக்கு அந்த 15 ஆண்டுகள்தான் கண்ணில் படும். டோரியோவினுடையது பங்குச் சந்தையில் இருந்த நிறுவனம். அதற்கு முடிவுத் தேதி கிடையாது, ஆகவே காத்திருக்க முடிந்தது. 1961-இல் ஆர்தர் ராக்கும் டாமி டேவிஸும் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கியதோ காலவரையறை உள்ள கூட்டாண்மை. 1968-இல் அதைக் கலைத்துக் கணக்கை முடித்துக்கொண்டார்கள். இன்று உலகெங்கும் இருக்கும் துணிகர நிதியங்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையின் வாரிசுகள். கடிகாரத்தைக் கையில் கட்டிக்கொண்டு தென்னை நடுகிறவர்கள். செக்கோயா கேப்பிடல் போன்ற ஒரு பழைய அமெரிக்கத் துணிகர முதலீட்டு நிறுவனமே 2021 அக்டோபரில் இந்தப் பத்தாண்டு வட்டம் காலத்துக்கு ஒவ்வாதது என்று சொல்லி, முடிவுத் தேதி இல்லாத நிதிய அமைப்புக்கு மாறியது.

நம் பக்கத்துக் கணக்குகளும் இதையே சொல்கின்றன. சென்னையில் இருக்கும் முருகவேல் ஜானகிராமனின் மேட்ரிமோனி நிறுவனத்துக்கு வெளியார் முதலீடு 2006-இல் வந்தது. அது பங்குச் சந்தைக்கு வந்தது 2017 செப்டம்பரில். அதே சென்னையில் கிரீஷ் மாத்ருபூதம் தொடங்கிய ஃப்ரெஷ்டெஸ்க் என்ற மென்பொருள் நிறுவனத்தில் ஆக்செல் என்ற துணிகர முதலீட்டு நிறுவனம் முதலீடு செய்தது 2011-இல். ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற பெயரில் அது அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் மணியடித்தது 2021 செப்டம்பர் 22 அன்று. நௌக்ரி இணையதளத்தை நடத்தும் இன்ஃபோ எட்ஜ் ஜொமாட்டோவில் முதலில் 4.7 கோடி ரூபாய் போட்டது 2010-இல். பங்கு வெளியீடு 2021 ஜூலையில். பதினொன்று, பத்து, பதினொன்று. இவையெல்லாம் வென்றவற்றின் கணக்கு என்பதை மறக்கக் கூடாது. வெல்லாதவற்றுக்கும் அதே அளவு போர்டு மீட்டிங்குகள் நடக்கும்.

இனி டைரிக்கு வருகிறேன். இதன் தனிச்சிறப்பு எழுதுவதில் இல்லை, எழுதும்போது கட்டாயமாக வாசிக்க நேர்வதில் இருக்கிறது. இன்றைய கட்டத்தில் பேனாவை வைக்கும்போது சென்ற ஆண்டு இதே நாளில் எழுதியது அரை அங்குலம் மேலே இருக்கிறது. படிக்காமல் தப்பிக்க முடியாது. ஐந்தாம் ஆண்டிலிருந்து ஒவ்வோர் இரவும் நான்கைந்து பழைய ‘நான்’களின் முன்னிலையில்தான் எழுத வேண்டியிருந்தது. ஒரு பக்கத்தை அப்படியே எடுத்துக்காட்டினால் விளங்கும். செப்டம்பர் 19-ஐ எடுத்துக்கொள்கிறேன். நிறுவனத்தின் பெயரை மட்டும் விட்டுவிடுகிறேன்.

2014, வெள்ளி: “கோவையிலிருந்து இருவர் வந்தார்கள். குளிர்பதனக் கிடங்கில் வெப்பநிலை அளந்து ஃபோனுக்கு அனுப்பும் கருவி. பொருள் நன்று, சந்தை சிறிது. வேண்டாம் என்றே தோன்றுகிறது.”

2015, சனி: “கோவை, மாத வருமானம் 4 லட்சம். கிடங்குக்காரர்கள் இரவில் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கக் கருவியைக் கழற்றி வைத்துவிடுகிறார்களாம்.” 2016-இன் கட்டத்தில் “ஒன்றும் நடக்கவில்லை” என்று மட்டும் இருக்கிறது, மீதி மூன்று வரியும் வெள்ளை. 2017-இல், “ஜி.எஸ்.டி.க்குப் பிறகு ஆர்டர் நின்றது. சம்பளத்துக்கு நிறுவனர் வீட்டு நகை.” 2018-இல், “60 லட்சம் பிரிட்ஜ் கேட்கிறார்கள். ரைட்-ஆஃப் செய்துவிடலாம் என்று சொன்னவன் நான். பெரியவர் ஒப்பவில்லை.” பிரிட்ஜ் என்பது அடுத்த முதலீடு வரும்வரை தாக்குப்பிடிக்கக் கொடுக்கும் இடைக்காலப் பணம், ரைட்-ஆஃப் என்பது போட்ட பணம் போய்விட்டதாகக் கணக்கில் எழுதிவிடுவது. பெரியவர் என்பது எங்கள் மூத்த பங்குதாரர், 2015 ஜனவரியில் அந்த முதலீட்டைச் செய்ய வைத்தவரும் அவர்தான். 2019-இல் இரு நிறுவனர்களில் ஒருவர் விலகினார். 2020-இல், “மருந்துக் கம்பெனிகள் விசாரிக்கின்றன. தடுப்பூசி வந்தால் வைக்க இடம் வேண்டுமே.” 2021, ஞாயிறு: “ஆர்டர் இருக்கிறது, முடித்துக்கொடுக்க ஆள் இல்லை. மூன்று நாளில் ஃப்ரெஷ்வொர்க்ஸ் லிஸ்டிங். ஊரெல்லாம் அதே பேச்சு.”

2022 மார்ச்சில் அந்தக் கோவை நிறுவனத்தை ஒரு பெரிய தளவாட நிறுவனம் வாங்கியது. எங்கள் முதல் நிதியத்தில் மொத்தம் 12 நிறுவனங்கள். முதலீட்டாளர்களுக்கு இதுவரை திரும்பிய பணத்தில் பாதிக்கு மேல் அந்த ஒன்றிலிருந்து வந்ததுதான். ஆறு மாதம் கழித்து ஒரு பொறியியல் கல்லூரியில் பேச அழைத்தார்கள். அந்த நாளும் செப்டம்பர் 19 ஆக அமைந்தது தற்செயல். மேடையில், முதல் சந்திப்பிலேயே அந்த இருவரிடமும் எனக்கு ஒரு நம்பிக்கை பிறந்தது என்று சொன்னேன். பொய் சொல்கிறோம் என்று நினைத்துச் சொல்லவில்லை, அப்படித்தான் நினைவிருந்தது. மாணவர்கள் கைதட்டினார்கள். இரவு வீட்டுக்கு வந்து டைரியைத் திறந்தேன். ஒன்பதாவது கட்டத்தில் பேனாவை வைக்குமுன் முதல் கட்டம் கண்ணில் பட்டது: “வேண்டாம் என்றே தோன்றுகிறது.” அதற்குக் கீழே, ஐந்தாவது கட்டத்தில், ரைட்-ஆஃப்.

அன்று நான் எழுதியது இரண்டே சொற்கள். அவற்றை இங்கே தர விருப்பமில்லை.

என் மதிப்பீட்டில் இந்தப் பொருளின் முழு விலையும் அந்த ஓர் இரவிலேயே வசூலாகிவிட்டது. இந்தத் தொழிலில் பத்தாண்டு தாக்குப்பிடிப்பது கடினம் என்பது உண்மை. ஆனால் தாக்குப்பிடித்தவனுக்கு அதைவிடப் பெரிய ஓர் ஆபத்து உண்டு. விடை தெரிந்த பிறகு, கேள்வியின்போதே விடை தெரிந்திருந்ததாக மனம் எழுதிக்கொள்ளும். அடுத்த பத்தாண்டுக்குப் பணம் திரட்டும்போது அந்தத் திருத்திய கதையைத்தான் முதலீட்டாளர்களிடம் சொல்வோம், அடுத்த முடிவுகளையும் அதை நம்பித்தான் எடுப்போம். நான்கு ஆண்டில் விடை தெரியும் தொழிலில் இருப்பவனுக்கு நினைவு இவ்வளவு நீண்ட வாய்ப்பைப் பெறுவதில்லை. என்னைப் பொறுத்தவரை அந்த நிறுவனத்தை வென்றது என் கணிப்பு அன்று, இன்னொருவருடைய பிடிவாதம். என் பங்கு, ஏழு ஆண்டுகள் மாதம் ஒருமுறை கோவை எக்ஸ்பிரஸில் போய் வந்ததும், ஆள் எடுத்துக் கொடுத்ததும், வங்கிக்காரரிடம் பேசியதும். அதையும் டைரியே சொல்கிறது; அதில் எனக்கு வருத்தமில்லை.

எங்கள் முதலீட்டாளர்களில் ஈரோட்டுப் பக்கத்து ஜவுளி வணிகர் ஒருவர் இருந்தார். எங்களுடையதைப் போன்ற மாற்று முதலீட்டு நிதியங்களுக்குப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2012-இல் வகுத்த விதிகளின்படி ஒருவர் குறைந்தது ஒரு கோடி ரூபாய் போட வேண்டியிருந்தது. அவர் இரண்டு கோடிக்குக் கையெழுத்திட்டிருந்தார். ஆண்டுக் கூட்டத்துக்கு ஒருமுறைகூட வராமல் இருந்ததில்லை. 2018-இல், நிதியம் பாதிக் கிணறு தாண்டியிருந்தபோது, எங்கள் கையில் இருக்கும் பங்குகளின் மதிப்பு எப்படி உயர்ந்திருக்கிறது என்று படம் போட்டுக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, “தம்பி, பேப்பர்ல இருக்கறதெல்லாம் சரிங்க. பேங்குக்கு எவ்வளவு வந்துச்சுங்க?” என்றார். அதுவரை வந்தது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “தென்னை வெச்சவன் தின்னுட்டுச் சாவான், பனை வெச்சவன் பாத்துட்டுச் சாவான்னு எங்கய்யன் சொல்லுவாருங்க. நீங்க வெச்சிருக்கறது எதுங்க தம்பி?” என்று கேட்டார். கூட்டத்தில் எல்லாரும் சிரித்தார்கள். “தென்னைதாங்க ஐயா” என்றேன். அன்றைய கட்டத்தின் நான்கு வரியும் இந்த உரையாடல்தான். மேலே உள்ள சொற்களை அங்கிருந்தே எடுத்தேன். 2022-இல் கோவைப் பணம் வந்தபோது அவருடைய பங்கு அவர் மகனின் கணக்குக்குப் போனது.

காத்திருப்பதற்கு விலை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பொறுமையைப் புகழ்கிறவர்கள் அதைச் சொல்வதில்லை. நிதியத்தை நடத்துகிறவர்களுக்கு இரண்டு வருமானம். ஒன்று, ஆண்டுக் கட்டணம். பெரும்பாலும் 2 சதவீதம், முதலீடு செய்யும் காலம் முடிந்த பிறகு மீதியிருக்கும் முதலீட்டுக்கு மட்டும் கணக்கிடப்படுவதால் அது வருடா வருடம் சுருங்கும். இன்னொன்று, லாபத்தில் 20 சதவீதப் பங்கு. தொழிலில் இதைக் ‘கேரி’ என்பார்கள். முதலீட்டாளரின் அசலும், அதன்மேல் ஒப்புக்கொண்ட குறைந்தபட்ச வருவாயும் கொடுத்து முடித்த பிறகுதான் கேரி பேச்சே எழும். அந்தக் குறைந்தபட்ச வருவாய் ஆண்டுக்கு 8 சதவீதம் என்று வைத்தாலும், கூட்டுவட்டியில் 100 ரூபாய் பத்தாண்டில் 216 ரூபாய் ஆகிறது. ஆகவே ஒரு நிறுவனத்தை ஐந்தாம் ஆண்டில் இருமடங்குக்கு விற்றால் கொண்டாட்டம். அதே இருமடங்கு பத்தாம் ஆண்டில் வந்தால் நமக்கு ஒன்றுமில்லை. நாம் பொறுத்திருக்கும் ஒவ்வோர் ஆண்டும் தாண்ட வேண்டிய கோட்டை இன்னும் சற்று மேலே நகர்த்திவிடுகிறது. இதற்கிடையில் நான்காம், ஐந்தாம் ஆண்டிலேயே இரண்டாவது நிதியத்துக்குப் பணம் திரட்டியாக வேண்டும், முதல் நிதியம் என்ன ஆகும் என்று தெரிவதற்கு முன்பே. அது கிடைத்தால் இன்னொரு பத்தாண்டு தொடங்கிவிடும். ஒன்று முடியாமல் மற்றொன்று தொடங்குவதால், இந்த வேலையில் ‘முடிந்தது’ என்று எழுந்து போக ஒரு நாள் வாய்ப்பதில்லை.

2014-இல் நாங்கள் ஐந்து பேர். கேரி உரிமை ஆண்டுக்குக் கொஞ்சமாகத்தான் நம் பெயருக்கு வரும். பாதியில் போனால் மீதியை விட்டுவிட்டுப் போக வேண்டும். அப்படியும் மூவர் போனார்கள். ஒருவர் மூன்றாம் ஆண்டில் நிறுவனம் தொடங்கப் போனார், ஒருவர் பெங்களூரில் பெரிய நிதியம் ஒன்றுக்கு, ஒருவர் காரணம் சொல்லாமல். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நானும் 2017-இல் ஒரு வாரம் முழுக்கப் போவதைப் பற்றியே எழுதியிருக்கிறேன். பிப்ரவரி மாதம். எங்கள் நிதியத்தின் மளிகைச் செயலி நிறுவனம் அந்த மாதம் மூடப்பட்டது. 2014-இன் கட்டங்களில் அதைப் போலப் புகழப்பட்ட நிறுவனம் வேறில்லை. வந்த நாளிலேயே “இதுதான்” என்று எழுதியிருக்கிறேன். வீட்டு வாசலில் ரொக்கம் வாங்கிப் பொருள் கொடுத்துக்கொண்டிருந்தவர்களை 2016 நவம்பர் 8 இரவு 8 மணிக்கு வந்த பணமதிப்பிழப்பு அறிவிப்பு உலுக்கியது. ஆனால் டைரியை வரிசையாகப் படித்தால் அதற்கு எட்டு மாதம் முன்பிருந்தே ஆர்டருக்கு ஆர்டர் நஷ்டம் கூடிக்கொண்டு வந்ததும், அதை நான் மூன்று இடங்களில் குறித்துவிட்டு எதுவும் செய்யாமல் இருந்ததும் தெரிகிறது. கடைசி நாளில் டெலிவரிப் பையன்களுக்குச் சம்பளக் கவர் கொடுக்கும்போது நிறுவனரோடு நானும் நின்றேன். அவ்வளவு தைரியத்தையாவது அன்றைய கட்டம் என் கணக்கில் வைத்திருக்கிறது.

இனிக் குறைகள்.

முதலாவது, தைப்பு. ஏழாம் ஆண்டில், ஜூன் மாதப் பகுதியில் முதுகு பிளந்தது. நாள்தோறும் திறந்து அழுத்தி எழுதும் புத்தகம் என்று தெரிந்தே செய்தவர்கள் முதுகுக்கு இன்னும் கவனம் கொடுத்திருக்கலாம். திருவல்லிக்கேணியில் ஒரு பைண்டர் 150 ரூபாய்க்குத் தைத்துக் கொடுத்தார். அவர் போட்ட நூல்தான் இப்போது மற்ற பகுதிகளைவிட உறுதியாக இருக்கிறது. இரண்டாவது, துணி அட்டை நம் ஊர்க் காற்றுக்கு ஏற்றதன்று. மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். அலமாரியில் இரண்டு நாஃப்தலீன் உருண்டை போட்டு வைக்க வேண்டும். 2015 டிசம்பர் 1 இரவு எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் வந்தபோது டைரி மேல் தட்டில் இருந்ததால் தப்பியது. கீழ்த் தட்டில் இருந்த முதலீட்டு ஒப்பந்த நகல்கள் கூழாகின. ஒப்பந்தத்துக்கு வேறு நகல்கள் உண்டு. தாள் மட்டும் மிக உயர்ந்தது. மைப்பேனாவால் எழுதினாலும் மறுபக்கம் தெரியவில்லை. 2014-இல் எழுதிய நீலம் இன்னும் நீலமாகவே இருக்கிறது.

மூன்றாவது குறை, அமைப்பைப் பற்றியது. நாள்தான் இதன் ஒரே வரிசை. ஒரு நிறுவனத்தைப் பற்றிப் பத்தாண்டில் எழுதியதை எல்லாம் திரட்ட வேண்டுமானால் 366 பக்கங்களையும் புரட்ட வேண்டும். பின்னால் உள்ள 30 வெற்றுப் பக்கங்களில் நானே ஓர் அட்டவணை தொடங்கி மூன்றாம் ஆண்டில் கைவிட்டேன். இதற்குக் கணினியே மேல் என்று இளையவர்கள் சொல்வார்கள். நானும் ஒரு குறிப்புச் செயலியில் இணையாக எழுதிவந்தேன்; அதை நடத்திய புத்தொழில் நிறுவனமே 2018-இல் மூடப்பட்டது, குறிப்புகளை இறக்கிக்கொள்ள 30 நாள் கொடுத்தார்கள், நான் 31-ஆம் நாள் போய்ப் பார்த்தேன். எங்கள் தொழில்காரனுக்கு இதைவிடப் பொருத்தமான தண்டனை கிடைக்காது. மற்றொன்றையும் எச்சரிக்கையாகச் சொல்கிறேன்: இப்படிப்பட்ட டைரியில் நிறுவனங்களின் பெயரை முழுமையாக எழுதாதீர்கள். ரகசியக் காப்பு ஒப்பந்தங்கள் இருக்கின்றன. வழக்கு என்று வந்தால் கையால் எழுதிய நாட்குறிப்பும் ஆவணம்தான் என்று எங்கள் வழக்கறிஞர் முகத்தைச் சுளித்துக்கொண்டு சொன்னார். நான் ஊர்ப் பெயர்களையே பயன்படுத்தினேன். கோவை, மதுரை, அடையாறு என்று எழுதியிருப்பதை என் மனைவி முதலில் பயணக் குறிப்பு என்று நினைத்திருந்தாள்.

யாருக்கு இதைப் பரிந்துரைப்பேன் என்று கேட்டால், முதலீட்டு நிதியத்தில் புதிதாகச் சேரும் அனலிஸ்டுக்கு, ஒரு நிபந்தனையோடு. இரண்டு ஆண்டு இருந்துவிட்டு மேற்படிப்புக்குப் போகும் எண்ணம் இருந்தால் வாங்க வேண்டாம். எட்டுக் கட்டங்கள் காலியாகக் கிடக்கும் பக்கங்கள் பார்க்க நன்றாக இருக்காது. எங்கள் அலுவலகத்தில் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு 2019-இல் இதையே வாங்கிக் கொடுத்தேன். “ஐந்தாண்டு டைரி கிடைக்காதா சார்?” என்று கேட்டார். கிடைக்கும். ஆனால் ஐந்தாம் ஆண்டின் கடைசியில் என் செப்டம்பர் 19-ஐ மூடி வைத்திருந்தால், அதில் கடைசியாக இருந்திருக்கும் சொல் ரைட்-ஆஃப். நிறுவனர்களுக்கும் பரிந்துரைப்பேன். கோவை நிறுவனர் இதைக் கேள்விப்பட்டுத் தானும் ஒன்று வாங்கினார், நிறுவனத்தை விற்ற பிறகு.

இந்தப் பொருளின் கடைசிக் குறையை உற்பத்தியாளர்மேல் ஏற்ற முடியாது. டைரிக்குப் பத்துக் கட்டங்கள்தான். எங்கள் நிதியத்துக்கு அது போதவில்லை. 2014 மார்ச்சில் நிதி திரட்டி முடித்த நிதியம் 2024 மார்ச்சில் கணக்கை முடித்திருக்க வேண்டும். ஒரு நிறுவனம் மீதம் இருந்தது, அதை நியாயமான விலைக்கு வாங்க ஆள் இல்லை. மதிப்பின் அடிப்படையில் மூன்றில் இரண்டு பங்கு முதலீட்டாளர்கள் ஒப்பினால் மேலும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்துக்கொள்ள விதி இடம் கொடுக்கிறது. 2023 செப்டம்பர் 19-இன் கட்டத்தில், அதாவது அந்தப் பக்கத்தின் கடைசிக் கட்டத்தில், “நீட்டிப்புக் கடிதம், மூன்றாவது வரைவு” என்று இருக்கிறது. வாக்கெடுப்பில் ஈரோட்டு வணிகரின் மகனும் ஒப்புதல் கையெழுத்திட்டு அனுப்பியிருந்தார்.

அந்த டிசம்பரிலேயே இரண்டாவது பிரதிக்குச் சொல்லிவிட்டேன். 2013-இல் சுங்கவரியோடு 3,900 ரூபாய்க்கு வந்தது இந்த முறை 8,200 ரூபாய் ஆகியிருந்தது. வந்து சேர 19 நாள் ஆனது, ஜனவரியின் முதல் ஆறு நாள்களைத் துண்டுத்தாளில் எழுதி ஒட்டினேன். அட்டையில் துணிக்குப் பதிலாக ரெக்ஸின் போட்டிருக்கிறார்கள், அது நல்ல மாற்றம். முதுகும் கெட்டியாகத் தெரிகிறது, ஆனால் ஏழாம் ஆண்டு வரும்வரை அதைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. தாள் மட்டும் முன்னதைவிட மெல்லிது. மைப்பேனா மறுபக்கம் ஊறுகிறது. பால்பாயிண்டுக்கு மாறிவிட்டேன்.